எத்தனை பர்சென்ட் என்று மட்டும் கேட்காதீர்கள்

படைவீரர் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் பதில்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் சர்வீஸில் உடம்பு கெட்ட படைவீரருக்குத் தரும் டிஸெபிலிட்டி பென்ஷனைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய வந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எனக்கு எத்தனை பர்சென்ட் கிடைக்கும் ஐயா?" காட்பாடியில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்களும் செருப்பைக் கழற்றும்போதே இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே. நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பீரங்கிப் படையில் 28 வருடம், அதில் கடைசி 19 வருடம் கிளார்க். பேப்பர் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

என் கணவர் 24 வருட சர்வீஸ் முடித்து 2021இல் ஹவில்தாராக வெளியே வந்தார். வெளியே வரும்போது டாக்டர்கள் சோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் பிரஷருக்கு 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. 30 சதவீதத்தையும் கொடுத்துவிட்டு எப்படி இல்லை என்கிறார்கள்?
— வாசகி, ஆரணி

அம்மா, சதவீதம் என்பது உடம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு. பென்ஷன் என்பது எதனால் கெட்டது என்பதற்கு. பேப்பரில் இரண்டும் வேறு வேறு கட்டம்.

நீங்கள் அனுப்பிய போர்டு நகலை எடுத்து விரித்து வையுங்கள். ஐந்தாம் பாகத்துக்குப் போங்கள். நோயின் பெயருக்கு நேராக மூன்று கட்டம் இருக்கும். சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் அதிகமானதா, சர்வீஸுக்குச் சம்பந்தமே இல்லையா என்று மூன்று. பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம். உங்கள் வீட்டுக்காரருக்கு முதல் இரண்டிலும் 'நோ', மூன்றாவதில் 'யெஸ்'. சர்வீஸால் வரவும் இல்லை, அதிகமாகவும் இல்லை என்பதன் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து இதை 'நானா' என்று சொல்வோம். "உன் பிரஷருக்குக் காரணம் நானா?" என்று சர்க்கார் கேட்பது போலவே இருக்கும்! அந்த 'நானா' விழுந்துவிட்டால் 30 என்ன, 80 போட்டிருந்தாலும் கணக்கில் பூஜ்யம். அதே பக்கத்தில் கீழே 'பென்ஷனுக்குத் தகுதியான சதவீதம்' என்ற கட்டத்தில் 'நில்' என்று இருக்கும், பாருங்கள். விதி இதுதான்: 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்; கூடவே சர்வீஸால் வந்தது அல்லது அதிகமானது என்றும் இருக்க வேண்டும்.

இப்போது காரணம் எழுதிய இடம். 'பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்தது' என்று ஒரே ஒரு வரி. சண்டையோ எல்லைக் காவலோ இல்லாத அமைதியான இடத்தில் என்று அர்த்தம். நீங்கள் இணைத்திருந்த போஸ்டிங் லிஸ்டைப் பார்த்தேன். 2013 முதல் 2015 வரை காஷ்மீர் எல்லையில் குப்வாரா. பிரஷர் கண்டுபிடித்தது 2016 பிப்ரவரி, செகந்திராபாத்தில். செகந்திராபாத் ரயிலடியில் இறங்கியதும் பிரஷர் ஓடிவந்து ஏறிக்கொண்டதா? இந்தக் கேள்வியைத்தான் அப்பீலில் கேட்க வேண்டும், ஆனால் இந்த மொழியில் அல்ல. எந்தத் தேதியில் எந்த இடம், அங்கே என்ன டியூட்டி, கண்டுபிடித்த தேதிக்கும் அந்த இடத்தை விட்டு வந்த தேதிக்கும் எத்தனை மாதம் என்று வரிசையாக எழுதுங்கள்.

உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பு. சிக்னல்ஸில் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்த ஒரு ஜவானுக்கு வலிப்பு வந்து அனுப்பிவிட்டார்கள். 20 சதவீதம், ஆனால் பிறவிக்கோளாறு, பென்ஷன் இல்லை என்றார்கள். நீதிமன்றம் கேட்டது நியாயமான கேள்வி: சேரும்போது நீங்கள்தானே சோதித்து எடுத்தீர்கள்? அன்றைக்கு அந்த நோயைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதவில்லை என்றால் ஆள் நல்லபடியாகத்தான் வந்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சர்வீஸால் வரவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. சந்தேகம் இருந்தால் அதன் பலன் ஜவானுக்கு. 2025 மே மாதம் வேறொரு வழக்கிலும், காரணம் சொல்லாத போர்டு முடிவு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'பீஸ் ஸ்டேஷன்' என்ற ஒற்றை வரி காரணமா, இல்லையா என்பதுதான் உங்கள் வழக்கு.

கையில் முழு பேப்பரும் இல்லையென்றால் ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து எழுதுங்கள். சேர்ந்தபோது நடந்த மெடிக்கல், ரிலீஸ் போர்டு, இரண்டையும் கேளுங்கள். முதல் அப்பீலுக்கு ஆறு மாதம் என்று நிராகரிப்புக் கடிதத்திலேயே இருந்திருக்கும். அது தாண்டிப்போனாலும் தாமதத்துக்குக் காரணம் எழுதிப் போடுங்கள். அதற்கு மேல் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே பேப்பரின் இரண்டாம் பக்கத்தில் எடைக்கு நேராக எழுதியிருக்கும் எண்ணை எதிர்த்தரப்பு கட்டாயம் படிக்கும். கேன்டீன் ரம்மையும் பிரியாணியையும் குப்வாராவின் கணக்கில் எழுத முடியாது. இப்படிப்பட்ட வழக்குகளில் பலருக்குக் கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

2023 செப்டம்பர் 21இலிருந்து புது விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குத்தான் அவை. உங்கள் வீட்டுக்காரருக்குப் பழைய விதிதான். யாராவது "சட்டம் மாறிடுச்சும்மா" என்று பயமுறுத்தினால் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள தேதியைக் காட்டுங்கள்.

1998இல் சர்வீஸ் முடித்து நாயக்காக வந்தேன். முதுகு டிஸ்க் கோளாறுக்கு 20 சதவீதம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். 50 ஆக்கித் தருகிறேன், வருகிற அரியரில் 30 சதவீதம் கொடுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகர், திருப்பத்தூர்

அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை, அண்ணே. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

'பிராட் பேண்டிங்' என்று ஒன்று உண்டு. 50க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் 50. 50 முதல் 75 வரை 75. 76 முதல் 100 வரை 100. 1996 ஜனவரியிலிருந்து இது நடைமுறை. ஆனால் உடம்பு முடியாமல் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். உங்களைப் போல முழுக் காலமும் கழித்து வந்தவனுக்கு 20 என்றால் 20தான். லோ மெடிக்கலில், அதாவது உடல்தகுதி குறைவு என்ற வகையில் இருந்துகொண்டே கடைசி நாள் வரை வேலை பார்த்தவனுக்கு இது என்ன தண்டனை என்று அப்போதே புலம்புவோம். 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. எனவே உங்கள் 20, 50 ஆக வேண்டியதுதான்.

பணமாகப் பார்ப்போம். உங்கள் பே ஸ்லிப் என்னிடம் இல்லை. கணக்குக்கு எளிதாக அடிப்படைச் சம்பளம், மிலிட்டரி சர்வீஸ் பே எல்லாம் சேர்ந்து 45,000 என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 13,500. இருபதுக்கு 2,700. ஐம்பதுக்கு 6,750. மாதம் 4,050 வித்தியாசம், அதன் மேல் அகவிலைப்படி தனி. ஏழாவது ஊதியக் குழு சொன்னபடி இதை ரேங்குக்கு இவ்வளவு என்று கட்டை ரேட்டாக மாற்றப் பார்த்தார்கள். 2017இல் அரசே வேண்டாம் என்று சொல்லிப் பழைய சதவீதக் கணக்கையே வைத்துக்கொண்டது.

அரியர் என்றால் 1998இலிருந்து வரும் என்று அவர் ஆசை காட்டியிருப்பார். தாமதமாகக் கேட்பவனுக்கு, கேட்ட நாளுக்கு முன் மூன்று வருடம்தான் என்று 2008லேயே தர்செம் சிங் வழக்கில் சொல்லியாகிவிட்டது. நான் போட்ட கணக்கில் 36 மாதத்துக்கு 1,45,800. அதில் 30 சதவீதம் 43,740 ரூபாய். எதற்கு? ஒரு மனு எழுத! தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. வக்கீல் வேண்டுமென்றால் 1987ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் சட்டத்தில் மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. வேலூரிலோ திருப்பத்தூரிலோ முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் வழி சொல்வார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் வெப்சைட்டில் உங்கள் பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் உத்தரவைத் திறக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் எலிமென்ட் ஒரு வரியிலும் டிஸெபிலிட்டி எலிமென்ட் இன்னொரு வரியிலும் இருக்கும். அங்கே ஏற்கெனவே 50 என்று இருந்து, அதைப் பார்க்காமலே திண்ணைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நான் இன்னும் சர்வீஸில் இருக்கிறேன், அடுத்த வருடம் ரிலீஸ். வலது காது மந்தம். போர்டில் சொன்னால் லோ மெடிக்கல் போட்டுவிடுவார்கள், வெளியே பேங்க் செக்யூரிட்டி வேலை கிடைக்காது என்கிறார்கள் சீனியர்கள். சொல்லாமல் விட்டுவிடலாமா?
— வாசகர், முகவரி வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

தம்பி, இதற்கு விதியிலிருந்து பதில் சொல்ல மாட்டேன். என் கதையைச் சொல்கிறேன்.

1981இல் சேர்ந்தேன். முதல் ஒன்பது வருடம் 105 மில்லிமீட்டர் பீரங்கியில். ராஜஸ்தானில் மகாஜன் ரேஞ்சில் ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு என்று எண்ணியதில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். பஞ்சு தீர்ந்தால் பனியனைக் கிழித்துத் திணிப்போம். மாலையில் டென்ட்டுக்கு வந்தால் காதுக்குள் சில்வண்டு கத்தும். காலையில் அடங்கிவிடும். பிறகு ஒரு காலையில் அடங்கவில்லை. அப்போது கிளார்க் வேலைக்கு மாறிவிட்டேன், அதோடு அதை மறந்தும்விட்டேன்.

2009இல் ரிலீஸ் போர்டு. எத்தனையோ பேருக்கு அந்த ஃபாரத்தை டைப் அடித்துக் கொடுத்தவன் நான். காதுச் சோதனைக்கு ஒரு நீள அறை. 600 சென்டிமீட்டர் தள்ளித் தரையில் கோடு. அங்கே திரும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து டாக்டர் மெல்ல ஒரு எண் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் நின்றவனுக்கு 'சத்தாயீஸ்' (27), அப்புறம் 'சௌதா' (14). கதவுப் பக்கம் நல்ல காதை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுவிட்டேன். என் முறை வந்தது. முதுகுக்குப் பின்னால் ஏதோ காற்று அசைந்தது போல இருந்தது. "சத்தாயீஸ்" என்றேன். இன்னொரு அசைவு. "சௌதா." "டீக் ஹை" என்றார். ஷேப் ஒன், அதாவது முழு உடல்தகுதி. சர்வீஸில் ஏற்பட்ட காயம், நோய் விவரம் எழுதும் இடத்தில் என் கைப்பட 'நில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேங்க் வேலைக்காகத்தான்.

வேலை கிடைத்தது. நாலரை வருடம் பார்த்தேன். இப்போது இரண்டு காதிலும் மெஷின். அதைக் கழற்றி வைத்தால் என் வீட்டம்மாள் தட்டைத் தரையில் தட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள். பீரங்கிக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம் நின்றவனின் காது சர்வீஸால் கெட்டது என்று சொல்ல ஒரு டாக்டரும் தயங்க மாட்டார். ஆனால் 2009இல் நானே 'நில்' என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? அப்பீல் எழுதிப் பார்த்தேன். நிராகரித்தார்கள். அந்தக் கடிதத்தில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

சொல்லு தம்பி. இன்றைக்கே யூனிட் மெடிக்கல் ஆபீஸரிடம் போய் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லு. ரிலீஸ் நேரத்தில் முதல்முறையாகச் சொல்வதைவிட ஒரு வருடம் முன்னால் பதிவானதற்கு மதிப்பு அதிகம். எந்தப் பீரங்கி, எந்த ரேஞ்ச், எந்த வருடம் என்று உன் கையால் எழுது. செக்யூரிட்டி வேலைக்கு வேறு பேங்க் இருக்கிறது.

தீபாவளி லீவில் வந்த என் தம்பி, சந்தைக்குப் போகும்போது பைக்கில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. லீவும் டியூட்டிதான் என்று சிலர் சொல்கிறார்களே?
— வாசகர், கம்பம்

சம்பளக் கணக்குக்கு லீவும் சர்வீஸ்தான். ஆனால் காயத்துக்கும் பட்டாள வேலைக்கும் ஒரு தொடர்பு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லிவிட்டது. கத்தரிக்காய் வாங்கப் போனதில் அந்தத் தொடர்பு இல்லை. அதே விபத்து யூனிட்டிலிருந்து ஊருக்கு வரும் வழியிலோ திரும்பிப் போகும் வழியிலோ நடந்திருந்தால் கதையே வேறு, அந்தப் பயணம் டியூட்டியாகத்தான் கணக்கு. அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது: ரயில் டிக்கெட்டையும் லீவு சர்டிபிகேட்டையும் வீடு வந்ததும் கிழித்துப் போடாதீர்கள்.

தம்பிக்கு இப்போது செய்ய வேண்டியது, யூனிட்டுக்கு எழுத்தில் தகவல். நடமாட முடிந்ததும் சென்னை அல்லது வெல்லிங்டன் ராணுவ மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இஞ்சுரி ரிப்போர்ட் எழுதும்போது நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். ஸ்டேஷனுக்குப் போகும் வழி என்று மாற்றிச் சொல்ல யோசனை கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உடம்பு தேறாமல் அனுப்பிவிட்டாலும் வெறுங்கையோடு விட மாட்டார்கள், இன்வேலிட் பென்ஷன் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பத்து வருட சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனையும், வெளியே எந்த வேலையும் பார்க்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு 2020இல் தளர்த்தப்பட்டுவிட்டது.

எதிரியோடு நடந்த ராணுவ ஆபரேஷனில் காலை இழந்தவருக்கும், கேம்ப்பில் லாரி ஏறிக் காலை இழந்தவருக்கும் ஒரே பென்ஷன்தானா?
— வாசகர், கம்மவான்பேட்டை

இல்லை. ஆபரேஷனில் என்றால் வார் இஞ்சுரி. சர்வீஸில் தொடர்ந்து இருந்து முழுக் காலம் முடித்து வருகிறவருக்கு, மற்றவர்களுக்கு 30 சதவீதம் என்று போட்ட அதே கணக்கு இங்கே 60. இங்கேயும் கட்டம்தான் விஷயம்: யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவுத் தாளில் 'பேட்டில் கேஷுவல்டி' (சண்டையில் அடிபட்டவர்) என்று இருக்கிறதா, 'ஃபிஸிக்கல் கேஷுவல்டி' (மற்றபடி அடிபட்டவர்) என்று இருக்கிறதா? வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர் உங்களுடையது, அந்தத் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லி நாலு பேரிடம் சொல்லுங்கள்.

என் மகன் நாலு வருடத்துக்குச் சேர்ந்த அக்னிவீர். அவனுக்கு இதெல்லாம் உண்டா?
— வாசகி, சோளிங்கர்

மாதா மாதம் வரும் டிஸெபிலிட்டி பென்ஷன் இல்லையம்மா. சர்வீஸால் ஊனம் ஏற்பட்டால் ஒரே தடவையாக ஒரு தொகை. 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம். 20 முதல் 49 வரை 50 என்றே வைத்துக்கொள்வார்கள். நாலு வருடத்தில் பாக்கியிருக்கும் காலத்துச் சம்பளமும், நாலு வருட முடிவில் தரும் சேவா நிதித் தொகையும் சேர்ந்து வரும். பெரிய எண் போலத் தெரியும். 21 வயதுப் பையனுக்கு இன்னும் ஐம்பது வருடம் இருக்கிறது என்று வகுத்துப் பார்த்தால் எனக்குத் திருப்தி இல்லை. ஆனால் இதற்கும் அந்த மூன்று கட்டம்தான் வாசல். சின்ன அடியாக இருந்தாலும் எழுதிப் பதியச் சொல்லுங்கள். வீரம் என்று மறைக்க வேண்டாம்.

என் அப்பாவுக்கு 100 சதவீதம். படுக்கையிலேயே இருக்கிறார். பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம். அதற்கு ஏதாவது உண்டா?
— வாசகர், குடியாத்தம்

உண்டு. கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். 2017இல் மாதம் 4,500ஐ 6,750 ஆக்கினார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இது 25 சதவீதம் ஏறும். ஆள் தேவை என்று மெடிக்கல் போர்டு எழுத வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. முதுகுத்தண்டு அடிபட்டவர் என்றால் புனேக்குப் பக்கத்தில் கிர்க்கியிலும், மொகாலியிலும் அதற்கென்றே மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறார்கள் அங்கே.

ஒரு வேண்டுகோள். நகல் மட்டும் அனுப்புங்கள். ஆம்பூரிலிருந்து ஒரிஜினல் பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புக் இரண்டையும் சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு, திரும்பு முகவரி எழுதாமல் விட்ட அண்ணன் யாரோ தெரியவில்லை. இரண்டும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. ஞாயிறு காலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது. ஜன்னல் பக்கம் வந்து கையை ஆட்டுங்கள்.